தானாகப் பாயும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிக்காத நிலையிலும் எஞ்சின் திடீரென்று வலுவெடுத்து வண்டியை முன்னே தள்ளுகிறது என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதப்பட்ட அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் இருக்கும் கோளாறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. எனவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் எட்டு ஆண்டுகள் ஓடியது; கையால் கியர் மாற்றும் வகை. சமதளச் சாலையில் மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான சீரான வேகத்தில், ஆக்சிலேட்டரை அசைக்காமல் வைத்திருக்கும்போதே எஞ்சினின் இழுவை திடீரென்று கூடி, ஓரிரு விநாடிகளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சில நாட்களில் ஒன்றுமே நடப்பதில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஸ்கேனரிலும் கோளாறுக் குறியீடு எதுவும் வரவில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்ற முடிவை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விட்டு விட்டு வரும் கோளாறு, பணிமனையைச் சுற்றிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கும்போது தலைகாட்டாமல் போவது வழக்கம்தான். நாள்தோறும் அந்த வண்டியை ஓட்டுகிறவரின் பாதம் உணர்ந்ததை அந்தச் சிறிது நேரம் பொய்யாக்கிவிடாது.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். எஞ்சின் தன் இயல்பான நிலையிலிருந்து மேலே எழுகிறதா, அல்லது சற்றுத் தளர்ந்துவிட்டு இயல்புக்குத் திரும்புகிறதா என்பதே அது. சீரான வேகத்தில் பெட்ரோல் கார் பாய்கிறது என்ற புகாரில் பல நேரங்களில் உண்மையில் நடப்பது இரண்டாவது. எரிபொருள் கலவை மெலிந்து எஞ்சின் மெல்லத் தளரும்போது, வேகம் குறையாதிருக்க ஓட்டுநரின் பாதம் அவரறியாமலே ஆக்சிலேட்டரை ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்துகிறது; கலவை சீரானதும் திரும்பி வந்த வலுவும் அந்தக் கூடுதல் அழுத்தமும் சேர்ந்து, வண்டி தானாகப் பாய்ந்தது போன்ற உணர்வைத் தருகின்றன. அடுத்த முறை போகும்போது அருகில் ஒருவரை அமர்த்தி, எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் முள்ளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பாய்ச்சலுக்கு முந்தைய சில விநாடிகளில் முள் சிறிதளவேனும் இறங்கியிருந்தால், எஞ்சின் ஏன் வலுவிழந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற எரிபொருளை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி செலுத்துகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சியதைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறது. காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல் இருந்தாலோ, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் இறுகிக் காய்ந்திருந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவையை மெலியச் செய்கிறது. சீரான மிதவேகத்தில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வால்வு சிறிதளவே திறந்திருப்பதால், அந்தச் சிறு கசிவுகூட அப்போது பெரிதாகத் தெரிகிறது. முழு வலுவில் ஏற்றம் ஏறும்போது அதே கசிவு கவனத்துக்கே வராமல் போகலாம்.

இனி, குறியீடு வரவில்லை என்பதற்கு வருகிறேன். கணினி தன் திருத்தத்தால் சமாளிக்க முடிகிற வரை எச்சரிக்கை விளக்கை ஏற்றுவதில்லை. திருத்தம் ஓர் எல்லையைத் தாண்டி, அந்த நிலை நீடித்த பிறகுதான் பி0171 போன்ற மெலிந்த கலவைக் குறியீட்டைப் பதிகிறது. ஆகவே குறியீடு இல்லாததைக் கோளாறே இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஸ்கேனரில் எஞ்சின் ஓடும்போதே நகரும் அளவுகளைப் பார்க்கும் வசதி உண்டு. அதில் எரிபொருள் திருத்த விகிதம் என்ற அளவை, குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்குமாக இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். நலமான எஞ்சினில் அவை பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். நீண்ட காலத் திருத்தம் கூட்டல் பக்கத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வண்டி நின்று எஞ்சின் ஐடிலில் ஓடும்போது திருத்தம் மிகுந்தும், 2,500 சுற்றுகளுக்கு ஏற்றும்போது குறைந்தும் காணப்பட்டால் காற்றுக் கசிவை ஐயுறலாம்; இன்டேக் குழாய்களுக்குள் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை அந்த இடத்தைக் கண்ணுக்கே காட்டிவிடும். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால், எரிபொருள் பம்ப்பின் அழுத்தம் குறைவது அல்லது காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் தூசு படிந்திருப்பது காரணமாக இருக்கக்கூடும். அந்தக் கம்பியை அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும். துணியோ தூரிகையோ படக்கூடாது.

முள் இறங்காமலே பாய்ச்சல் வந்தால் வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய ஒரு பெட்டி சேமித்து வைக்கிறது. எஞ்சின் சூடேறிச் சீராக ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற சிறிய வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் அனுப்புகிறது. அந்த வால்வு சரியாக மூடாமல் போனால், அளவு மீறிய ஆவி அவ்வப்போது உள்ளே போய்க் கலவையைக் குலைக்கும். வெயில் மிகுந்த நாட்களிலும் டேங்கை நிரப்பிய உடனேயும் கோளாறு கூடுகிறதா என்று கவனியுங்கள். பெட்ரோல் போட்டவுடன் எஞ்சின் கிளம்பத் தகராறு செய்வதும் இதே வால்வைச் சுட்டும் அடையாளம்.

மற்றொன்று, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார். பழைய அமைப்பில் இது ஒரு மின்தடைப் பட்டையின்மேல் ஊர்ந்து செல்லும் முனை. நாம் பெரும்பாலான நேரம் ஒரே மிதவேகத்தில் ஓட்டுவதால், பலர் ஏறி இறங்கிய படிக்கட்டின் நடுப்பகுதி தேய்வதைப் போல, பட்டையும் அந்த ஓரிடத்தில் மட்டும் தேய்கிறது. கோளாறும் அந்த வேகத்தில் மட்டும் தோன்றுகிறது. எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டுக்கொண்டு, ஆக்சிலேட்டரை மிக மெதுவாக அழுத்தினால் சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ட்டிலிருந்து நான்கரை வோல்ட் வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் ஒரு துள்ளல் தெரிந்தால் அந்த சென்சாரை மாற்ற வேண்டும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இந்தத் துள்ளல் தெளிவாகத் தெரியும். சாதாரண மல்டிமீட்டரில் தவறிவிடக்கூடும்.

உங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, இனி ஊகத்தின் பேரில் எந்தப் பாகத்தையும் மாற்ற அனுமதிக்காதீர்கள் என்பதே. ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்து, ஒவ்வொரு பாய்ச்சலின் போதும் இருந்த வேகம், கியர், எஞ்சின் சூடு, டேங்கில் பெட்ரோல் அளவு, ஏசி ஓடியதா, பள்ளத்தில் இறங்கியதா, வளைவில் திரும்பியதா என்பதை வண்டியை நிறுத்திய பிறகு எழுதி வையுங்கள். வளைவிலும் குலுக்கலிலும் மட்டும் வந்தால் எர்த் கம்பியின் பிடிப்பையும் கனெக்டர்களையும் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சூடேறிய பிறகு மட்டும் வந்தால் தேடல் வேறு பக்கம் போகும். அளவுகளைத் தொடர்ந்து பதியும் கருவியைப் பொருத்தி, கோளாறு வரும் வரை நீங்களே ஓட்டிக்கொண்டிருக்க அனுமதிக்கும் மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளுங்கள். பாய்ச்சல் நேர்ந்த விநாடியில் ஆக்சிலேட்டர், த்ராட்டில், எரிபொருள் திருத்தம் மூன்றும் எப்படி நகர்ந்தன என்று ஒரே வரைபடத்தில் பார்த்துவிட்டால், மூன்றில் எது முதலில் நகர்ந்ததோ அங்கிருந்தே தேடலைத் தொடங்கலாம்.

கேள்வி: நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஏசி போட்டிருந்தால், என் கார் அவ்வப்போது தானாக ஒரு தள்ளு தள்ளுகிறது. ஏசியை அணைத்தால் இது இல்லை. ஆபத்தானதா?

பதில்: ஏசி கம்ப்ரஸர் இணையும்போது எஞ்சினின்மேல் சுமை ஏறுகிறது, அதை ஈடுகட்டக் கணினி ஐடில் வேகத்தைச் சற்று உயர்த்துகிறது. கம்ப்ரஸர் விலகும் கணத்தில், உயர்த்திய காற்று குறைவதற்குள் சுமை மட்டும் நீங்கிவிடுவதால், வண்டி மெல்ல உந்தப்படுகிறது. சிறிய எஞ்சின்களில் இது கூடுதலாகத் தெரியும். பிரேக்கின்மேல் பாதத்தை இலேசாக வைத்தாலே அடங்கிவிடும் தள்ளு என்றால் கவலை வேண்டாம். ஐடில் வேகம் 1,200 சுற்றுகளுக்கு மேல் ஏறி, இறங்கவும் தாமதித்தால், த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்து, அதன் பிறகு ஐடில் நிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்கும் முறையையும் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால், சுத்தம் செய்த பிறகு கோளாறு முன்னைவிடக் கூடியதாகத் தோன்றும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் சில கார்களில் இதே நிலை வரும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சின் திடீரென்று உறுமுகிறது. சுற்றுகளைக் காட்டும் முள் துள்ளி ஏறுகிறது. ஆனால் வண்டியின் வேகம் அதே அளவுக்கு ஏறவில்லை. எஞ்சினில் என்ன கோளாறு?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது கியர்பெட்டி. சுற்றுகள் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஏதோ ஒன்று வழுக்குகிறது. முள் சில நூறு சுற்றுகள் மட்டும் ஏறி இறங்கினால், எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் சீரான வேகத்தில் பூட்டிக்கொள்ள வேண்டிய கிளட்ச் பூட்டுவதும் விடுவதுமாக இருக்கக்கூடும். ஆக்சிலேட்டரை அசைக்காமல் வைத்து, இடது பாதத்தால் பிரேக் மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால், அந்தப் பூட்டு விடுபட்டு முள் அதே அளவுக்கு ஏறுகிறதா என்று பார்த்து இதை உறுதிப்படுத்தலாம். பின்னால் வண்டி எதுவும் வராத சாலையில், அருகில் ஒருவர் முள்ளைக் கவனிக்கச் செய்ய வேண்டிய சோதனை இது. முள் ஆயிரம் சுற்றுகள் அளவுக்குத் துள்ளினால் கியர்பெட்டியின் உள்கிளட்சுகளே வழுக்குகின்றன என்று கொள்ள வேண்டும். கியர் ஆயிலின் அளவையும் நிறத்தையும் உடனே பாருங்கள். கருகிய வாடை அடித்தால் நீண்ட பயணத்துக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டு வண்டி நிற்காமல் வேகமெடுத்தால், அந்தக் கணத்தில் என்ன செய்ய வேண்டும்? சாவியைத் திருப்பி நிறுத்திவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் சொன்னதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். சாவியைக் கடைசி நிலை வரை திருப்பி உருவினால் பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் அதைவிடக் கொடிய நிலை இல்லை.

பிரேக்கை ஒரே மிதியாக, உங்கள் முழு வலுவுடன் அழுத்தி, விடாமல் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது என்பதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டர், எஞ்சினின் இன்டேக் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு வேலை செய்கிறது. த்ராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாவதில்லை. ஏற்கெனவே சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிகளுக்கே போதும். அதை வீணாக்கிவிட்டால் மிதி கல்லாக இறுகிவிடும். முதல் மிதியிலேயே முழுமையாக அழுத்தினால், நல்ல நிலையில் இருக்கும் பிரேக், முழு வீச்சில் இழுக்கும் எஞ்சினையும் மீறி வண்டியை மட்டுப்படுத்தும்.

பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோங்கள். கையால் கியர் மாற்றும் வண்டியானால் கிளட்சை மிதித்தாலே போதும். சுமை நீங்கிய எஞ்சின் அலறும். அந்த ஓசைக்கு அஞ்சிப் பலர் கியரை மறுபடியும் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். இன்றைய எஞ்சின்களில் சுற்றுகள் ஓர் எல்லைக்கு மேல் ஏறாதபடி கணினி எரிபொருளை வெட்டிவிடும். அந்த எஞ்சின் கெட்டே போனாலும் போகட்டும், வண்டியில் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். ஓரமாக வந்து முழுவதும் நின்ற பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். நியூட்ரலுக்குப் போகவே முடியாத நிலையில் மட்டும், ஓடும்போதே சாவியை ஒரு நிலை மட்டும் பின்னுக்குத் திருப்பலாம். பொத்தான் உள்ள கார்களில் ஒருமுறை தட்டினால் எஞ்சின் நிற்காது, பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ 3 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

இதை நான் விரித்து எழுதக் காரணம், 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான்டியாகோ நகருக்கு அருகே நடந்த விபத்து. பணிமனையிலிருந்து இரவலாகப் பெற்ற லெக்சஸ் இஎஸ் 350 காரில் சென்ற நால்வர் அதில் உயிரிழந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறையில் பணியாற்றிய அனுபவமுள்ள அதிகாரி. வேறொரு மாடலுக்குரிய தடித்த ரப்பர் மேட் ஆக்சிலேட்டர் மிதியைச் சிக்க வைத்திருந்தது. தேர்ந்த ஓட்டுநருக்கும் அந்தச் சில விநாடிகளில் வழி புலப்படாமல் போகலாம் என்பதால்தான், நியூட்ரல் எங்கே இருக்கிறது, பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பவற்றை வாகனத்தின் கையேட்டைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கே உங்கள் ஓட்டுநர் இருக்கையின் கீழுள்ள மேட்டைப் பாருங்கள்: கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் கிடக்கிறதா, ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்தி விட்டால் உரசாமல் உடனே மேலே வருகிறதா? காரணம் தெரியாத பல பாய்ச்சல்களை இந்த ஒரு நிமிடச் சோதனை தீர்த்துவிடும்.

கேள்வி: இப்போதைய கார்களில் ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பியே இல்லை, எல்லாம் மின்னணு வழிதான் என்கிறார்கள். அப்படியானால் கணினி தானாகவே த்ராட்டிலைத் திறந்துவிட முடியாதா?

பதில்: முடியாதபடி தடுப்பதற்காகவே மிதியில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அசைவை வெவ்வேறு மின்னழுத்த அளவுகளில் சொல்கின்றன. த்ராட்டில் வால்விலும் அப்படியே இரண்டு. இரண்டு சொற்களும் பொருந்தாவிட்டால் கணினி பி2135 அல்லது பி2138 போன்ற குறியீட்டைப் பதிந்து, எஞ்சினைக் குறைந்த வலுவில் மட்டும் ஓட விடுகிறது. ஆகவே இந்தச் சென்சார்கள் கெடும்போது வழக்கமாக நேர்வது பாய்ச்சல் அன்று, இழுவை குறைந்து தவழ்வது.

வழக்கமாக என்றுதான் சொல்ல முடியும். டொயோட்டா கார்களைப் பற்றிய புகார்கள் குவிந்தபோது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாசாவின் பொறியாளர்களிடம் ஆய்வை ஒப்படைத்தது. முடிவு 2011 பிப்ரவரியில் வெளியானது. ஆபத்தான அளவுக்கு த்ராட்டிலைத் திறக்கக்கூடிய மின்னணுக் கோளாறு எதையும் அவர்கள் காணவில்லை. மேட் சிக்குவதும் மிதி ஒட்டிக்கொள்வதுமே உறுதியான காரணங்களாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில், ஒரு வகை மிதி சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழைகள் தாமாக வளர்ந்து மின்முனைகளை இணைத்துவிட்டிருந்ததையும் கண்டார்கள். சான்று கிடைக்கவில்லை என்பதால் நிகழவே முடியாது என்று பொருளாகாது என்றும் எழுதினார்கள். 2013 அக்டோபரில் ஓக்லஹோமா மாநில நீதிமன்றத்தில், கட்டுப்பாட்டு மென்பொருளின் குறைகளைப் பற்றி வல்லுநர்கள் சாட்சியம் அளித்த வழக்கில், 2005 கேம்ரி காரின் விபத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று நடுவர் குழு முடிவு செய்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், மேட், மிதி ஆகியவற்றின் குறைகளைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

இந்த வரலாற்றில் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மின்னணுக் கோளாறு அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் பிரேக்குக்கே கீழ்ப்படிந்து எஞ்சின் வலுவைக் குறைக்கும் ஏற்பாடு, அதன் பிறகு வந்த கார்களில் பரவலாகிவிட்டது. உங்கள் காரில் அது உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கார் வாங்குவதாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. நிறுத்துமிடத்திலிருந்து காரை எடுக்கும்போது அது திடீரெனப் பாய்ந்து சுவரில் மோதியது. பிரேக்கைத்தான் மிதித்தேன், மிதிக்க மிதிக்க வேகம் கூடியது என்று உறுதியாகச் சொல்கிறார். பணிமனையில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: உங்கள் தந்தை பொய் சொல்லவில்லை என்பதை முதலில் அவரிடமே சொல்லுங்கள். தான் பிரேக்கை மிதித்ததாகவே அவருடைய மூளை பதிந்து வைத்திருக்கிறது. பாதம் எங்கே இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. இருக்கையில் சற்றுத் திரும்பி உட்கார்ந்து பின்னால் பார்த்தபடி வண்டியை எடுக்கும்போது, இடுப்போடு சேர்ந்து காலும் விலகி, பாதம் ஆக்சிலேட்டரில் இறங்கிவிடுவது எந்த வயதினருக்கும் நேரும். வண்டி நிற்காதபோது, பிரேக் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துகிறோம். மிதிக்க மிதிக்க வேகம் கூடியது என்ற அவருடைய சொல்லே இதைத்தான் சுட்டுகிறது. 1980களில் ஆடி 5000 காரைப் பற்றி எழுந்த இதே வகைப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 1989இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலானவற்றுக்கு மிதி மாறியதே காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. பிரேக்கை மிதித்தால் மட்டுமே ஆட்டோமேட்டிக் காரின் கியர் பார்க் நிலையிலிருந்து நகரும் ஏற்பாடு எல்லோருக்கும் வந்தது அந்தக் காலத்துக்குப் பிறகுதான்.

ஆனாலும் ஊகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், மோதலுக்கு முந்தைய ஏறத்தாழ 5 விநாடிகளில் இருந்த வேகம், ஆக்சிலேட்டரின் அழுத்தம், பிரேக் மிதிக்கப்பட்டதா என்ற விவரம் பதிவாகியிருக்கும். ஏர்பேக் விரியாத மோதல்களில் இந்தப் பதிவு பின்னர் அழிந்துபோகலாம். எனவே வண்டியைப் பழுதுபார்ப்பதற்கு முன்பே அதைப் படித்துத் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். பதிவில் பிரேக் அழுத்தப்பட்டிருந்தால், பணிமனை என்ன சொன்னாலும் அந்தக் காரை மீண்டும் ஓட்டக் கூடாது. அழுத்தப்படவில்லை என்றால், இருக்கையின் தூரம், காலணியின் அகலம், குதிகால் தரையில் ஊன்றும் இடம் ஆகியவற்றைத் தந்தையோடு அமர்ந்து சரிசெய்யுங்கள்; குதிகாலைப் பிரேக்குக்கு நேராக ஊன்றி, ஆக்சிலேட்டருக்குப் பாதத்தை மட்டும் சாய்க்கும் பழக்கம் பெரிதும் உதவும். முன்னால் தடை இருக்கும்போது ஆக்சிலேட்டர் முழுதும் அழுத்தப்பட்டால் எஞ்சினை அடக்கும் கருவிகள் ஜப்பானில் பரவலாக வந்துவிட்டன. அத்தகைய வசதியுள்ள காருக்கு அவரை மாற்றுவதும் நல்லது.

கேள்வி: டீசல் எஞ்சின் சாவியை உருவிய பிறகும் தானாக அலறிக்கொண்டு ஓடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை, அபூர்வமே என்றாலும். டீசல் எஞ்சினின் வலுவை நிர்ணயிப்பது உள்ளே செலுத்தப்படும் டீசலின் அளவு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவின் ஆயில் சீல் உடைந்தோ, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகவோ எஞ்சின் ஆயில் இன்டேக் குழாய்க்குள் வந்துவிட்டால், எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு ஓடத் தொடங்கும். சாவி அணைப்பது டீசலை மட்டும்தான். நீலம் கலந்த வெண்புகை பெருகும், சுற்றுகள் ஏறிக்கொண்டே போகும். கையால் கியர் மாற்றும் வண்டியானால், நிறுத்திய நிலையில் பிரேக்கை முழுதும் அழுத்தி, மேல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம். ஆட்டோமேட்டிக்கில் அது இயலாது. காற்று போகும் வாயைக் கனமான பலகையால் அடைப்பது, அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அதற்குள் செலுத்துவது மட்டுமே வழி. கையையோ துணியையோ கொண்டு அடைக்க முயலாதீர்கள். அருகே போகத் துணிவில்லை என்றால் எல்லோரையும் இறக்கி விலகி நில்லுங்கள், எஞ்சின் சிதறக்கூடும். ஆயில் அளவு குறைவதைப் போலவே கூடுவதையும் கவனியுங்கள். புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை குறுகிய பயணங்களால் அடிக்கடி தடைபட்டால், எரியாத டீசல் ஆயிலோடு கலந்து மட்டத்தை உயர்த்தும். அந்தச் சுத்தம் நடக்கும் நேரத்தில் ஐடில் சற்று உயர்ந்து இழுவை மாறுவதாகத் தோன்றுவது இயல்பானது. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பாய்ச்சல் வந்த அன்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பணிமனையில் குறியீட்டை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். போதுமா?

பதில்: போதாது. குறியீடு பதியும் கணத்தில் இருந்த வேகம், சுற்றுகள், எஞ்சின் சூடு, சுமை ஆகியவற்றையும் கணினி சேர்த்துச் சேமிக்கிறது. அழிக்கும்போது அவையும் போய்விடுகின்றன. என்ன குறியீடு வந்தது என்று பணிமனையின் ரசீதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மீண்டும் விளக்கு எரிந்தால், யாரும் எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றவும் விடாதீர்கள்.